வாயால் குத்துபவனை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 21. அமெச்சூர் குத்துச்சண்டையில் இருக்கிறேன். போன போட்டியில் எதிராளி எடை பார்க்கும் இடத்திலேயே என் அப்பாவை இழுத்துக் கேவலமாகப் பேசினான். ரிங்கிலும் கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் காதுக்குள் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டாவது ரவுண்டில் எனக்கு வெறி ஏறிக் கண்டபடி கையை வீசினேன், பாயின்டில் தோற்றேன். அடுத்த மாதம் மறுபடி அவனோடுதான் மோத வேண்டும். நண்பர்கள் ‘நீயும் திருப்பிப் பேசு’ என்கிறார்கள். எனக்கு மனஉறுதி இல்லையா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கோபம் வந்துவிட்டது என்பதற்காக மனஉறுதி இல்லாதவன் ஆகிவிட மாட்டீர்கள். குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியரைவிட நெஞ்சுரம் உள்ளவரை ரிங்கில் பார்ப்பது கஷ்டம். 1971 மார்ச் 8 அன்று முகமது அலியை 15ஆவது ரவுண்டில் இடது ஹுக்கால் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) தரையில் சாய்த்து ஜெயித்தவர் அவர். அப்பேர்ப்பட்ட ஆளையே அலி பேசிய பேச்சு பல வருடம் உள்ளுக்குள் அரித்தது, அதை அவர் ஒளித்தும் வைக்கவில்லை. வலித்தது, ஆனாலும் குனிந்து உள்ளே புகுந்து அடிக்கும் தன் வேலையை விடவில்லை.

உங்களுக்கு நடந்தது வேறு. நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்கள்.

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் எம்.எம்.ஏ. சண்டையிலிருந்து ஒன்று சொல்கிறேன். 2015இல் கானர் மெக்ரிகர் மாதக்கணக்கில் சாம்பியன் ஜோசே ஆல்டோவைச் சீண்டினார், செய்தியாளர்கள் முன்னாலேயே அவருடைய சாம்பியன் பெல்ட்டைப் பிடுங்கிக் காட்டினார். ஆல்டோ சாதாரண ஆளில்லை, பத்து வருடமாகத் தோற்காதவர், பொறுமையாக எடைபோட்டு ஆடுபவர். டிசம்பர் 12 அன்று கூண்டுக்குள் போனதும் பாய்ந்து உள்ளே வந்தார், மெக்ரிகரின் இடது கை காத்திருந்தது, 13 விநாடியில் எல்லாம் முடிந்தது. திட்டு வாங்கியதால் மட்டுமே ஆல்டோ தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதைக் கவனியுங்கள்: பாய்ந்து வருபவனை நிறுத்தும் அடி மெக்ரிகரிடம் ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு. அடி இல்லாதவனின் வாய்ச்சவடால் வெறும் சத்தம்.

ஆகவே போன போட்டியின் வீடியோ இருந்தால் சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டாவது ரவுண்டை மட்டும் பாருங்கள். நீங்கள் கையை வீசியபோது அவன் எதை வைத்துப் பாயின்ட் எடுத்தான்? பின்னால் நகர்ந்து நேர் வலதா, தலையைச் சாய்த்து ஹுக்கா? அதைச் செய்யத்தான் உங்கள் அப்பாவை இழுத்திருக்கிறான். அது தெரிந்துவிட்டால் பேச்சைப் பற்றிய பாதிக் கவலை குத்தைப் பற்றிய கவலையாக மாறிவிடும், அதற்குப் பயிற்சி செய்ய உங்களுக்குத் தெரியும்.

திருப்பிப் பேசலாமா? வேண்டாம். அது இயல்பாக வருபவர்களுக்குத்தான் சரிப்படும். அவர்களும் ஒன்றும் பயமில்லாமல் பேசுவதில்லை: 1964இல் அப்போதைய உலக சாம்பியன் சன்னி லிஸ்டனோடு மோதுவதற்கு முன் எடை பார்க்கும்போது அலி போட்ட கூச்சலில் அவருடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120 வரை போயிருந்தது, பரிசோதித்த டாக்டர் இவர் பயந்துபோயிருக்கிறார் என்றே நினைத்தார். அது பயமா நடிப்பா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது, எப்படியோ அவர் ஜெயித்தார். நீங்கள் அதைச் செய்யப்போனால் போட்டிக்கு முந்தைய ராத்திரி முழுக்க வசனம் யோசித்துக்கொண்டு தூங்காமல் கிடப்பீர்கள். தவிர, தொழில்முறைச் சண்டையில் வாய் டிக்கெட் விற்கும், அமெச்சூரில் அதற்கும் வழியில்லை.

சும்மா ‘காதில் வாங்காதே’ என்பவர்களையும் நம்பாதீர்கள். காது கேட்கத்தான் செய்யும். கேட்ட உடனே செய்ய ஒரு வேலை வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், தாடையை இறக்குங்கள், ஒரு ஜாப் (முன்கையால் விடும் நேர் குத்து) போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நகருங்கள். இதை வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வராது. ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், மூன்றாவது ரவுண்டில், கை கனத்துப்போன நேரத்தில், கூட்டாளிகளை அவன் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லச் சொல்லுங்கள், அப்பாவைப் பற்றியதையும் சேர்த்து. முதல் நாள் அவர்கள் கூச்சப்படுவார்கள், உங்களுக்கும் மூக்கு விடைக்கும். திரும்பத் திரும்பக் கேட்டால் அது சலித்துப்போகும், சலிக்க வைப்பதுதான் நோக்கம்.

மணி அடித்து முடிந்த பிறகும் எச்சரிக்கை. 2018 அக்டோபரில் எம்.எம்.ஏ. வீரர் கபீப் நுர்மகமெதோவ், தன் மதத்தையும் அப்பாவையும் இழுத்த மெக்ரிகரை நான்காவது ரவுண்டில் கழுத்தை நெரித்துத் தோற்கடித்தார். சண்டை முழுக்கத் திட்டம் மாறவில்லை. ஜெயித்த அடுத்த நிமிடம் வேலியைத் தாண்டிக் குதித்து எதிரணிக்காரர் மேல் பாய்ந்தார், 5 லட்சம் டாலர் அபராதமும் 9 மாதத் தடையும் வந்தது. அடக்கி வைத்தது எங்காவது வெளியே வரும், அது எங்கே என்று உங்கள் கோச்சோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நேராக டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்விடுவது என்று வைத்துக்கொண்டாலும் சரி.

அப்புறம், ரவுண்டு நடக்கும்போது இழிவாகப் பேசுவது அமெச்சூர் விதிகளில் ஃபவுல். போட்டி தொடங்கும் முன்பே கோச் மூலமாக அதிகாரிகள் காதில் போட்டு வையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டிப்பிடிக்கும்போது அவன் வாயை அசைத்தால் ரெஃப்ரி கவனிக்கட்டும், நீங்கள் அவன் வலது கையைக் கவனியுங்கள்.