20ஆம் திகதியே டேட்டா முடிகிறதா? வீட்டுக் கணினிக்கு ஒரு கேள்வி பதில்

மட்டக்களப்பில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் வருபவர்கள் வைரஸ் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது கணினியை மேசையில் வைத்ததும் முதல் கேள்வி, "டேட்டா ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது?" என்பதுதான். அதனால், வீட்டுக் கணினியில் இன்டர்நெட் எவ்வளவு போகிறது என்று பார்ப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வாழைச்சேனையில் இருந்து திருக்கோவில் வரை கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கல்லடி, ஒரு அம்மா: தம்பி, வீட்டில் ஒரு கம்பியூட்டர்தான். மகள் ஏ.எல். படிக்கிறாள். 20ஆம் திகதிக்குள் பெக்கேஜ் முடிந்துவிடுகிறது, பிறகு வகுப்பே இல்லை. கம்பியூட்டரில் எது இவ்வளவு எடுக்கிறது என்று பார்க்க முடியுமா?

பார்க்கலாம் அக்கா. புதிதாக எதையும் போட வேண்டியதில்லை, விண்டோஸுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அன்ட் இன்டர்நெட் என்பதற்குள் போங்கள். விண்டோஸ் 11 என்றால் அதற்குள் அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ், பிறகு டேட்டா யூசேஜ். விண்டோஸ் 10 என்றால் முதல் பக்கத்திலேயே உங்கள் இணைப்பின் பெயருக்குக் கீழே டேட்டா யூசேஜ் என்ற பொத்தான் இருக்கும். கடந்த 30 நாளில் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று பெரியதில் இருந்து சிறியதாக வரிசையாகக் காட்டும்.

முதல் இடத்தில் குரோம் மாதிரி ஒரு பிரவுசர் இருந்தால், எந்தத் தளம் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. பெரும்பாலும் வீடியோவாகத்தான் இருக்கும். ஸூம் தனிச் செயலியாக இருந்தால் தனியாகத் தெரியும். சிஸ்டம் என்ற பெயரில் பெரிய எண் இருந்தால் அது பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வேலைகள்.

இன்னொன்று. அந்த 30 நாள் உங்கள் பெக்கேஜின் மாதத்தோடு பொருந்தாது. அதே பக்கத்தில் லிமிட் என்று ஒன்று இருக்கிறது. பெக்கேஜ் புதுப்பிக்கும் திகதியையும் கணினிக்கு என்று நீங்கள் ஒதுக்கும் ஜிபி அளவையும் அதில் கொடுத்துவிடுங்கள். எல்லையை நெருங்கும்போது கணினியே எச்சரிக்கும். மகள் 20ஆம் திகதி திடீரென்று வகுப்பை இழப்பதை விட, 12ஆம் திகதியே தெரிந்துகொள்வது எவ்வளவோ நல்லது.

காத்தான்குடி, கடை வைத்திருப்பவர்: கம்பெனியின் ஆப்பில் 100 ஜிபி முடிந்தது என்று இருக்கிறது. கம்பியூட்டரில் பார்த்தால் 38 ஜிபிதான். மீதி 62 எங்கே? ஏமாற்றுகிறார்களா?

காக்கா, அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கணினி தன் வழியாகப் போனதை மட்டும்தான் எண்ணும். கம்பெனி ரூட்டரைத் தாண்டிப் போன அத்தனையையும் எண்ணும். இடையில் உள்ள வித்தியாசம்தான் வீட்டில் உள்ள கைபேசிகள், டிவி, கெமரா, சில வேளை பக்கத்து வீடு.

ஆரையம்பதியில் என் தங்கச்சி வீட்டில் இப்படித்தான் நடந்தது. ஒரு வாரத்தில் பெக்கேஜ் காலி. கணினியில் எண்ணிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பிள்ளைகளின் கைபேசிகளைப் பார்த்தேன், அங்கேயும் பெரிதாக இல்லை. கடைசியில் பார்த்தால் வாசலில் புதிதாகப் பூட்டிய சிசிடிவி கெமரா. இரவு பகலாகப் படத்தைக் கிளவுடுக்கு (இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு) அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நாம் இறக்குவது மட்டும்தான் டேட்டா என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் இருந்து வெளியே ஏறுவதும் கணக்கில் சேரும். 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 லட்சம் பிட்; எட்டு பிட் ஒரு பைட்) வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. 24 மணி நேரத்துக்கு 10.8 ஜிபி. ஆறு நாளில் 65 ஜிபியைத் தொடும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய், படத்தை மெமரி கார்டில் வை என்று மாற்றினோம், அதோடு பிரச்சினை தீர்ந்தது.

உங்கள் வீட்டுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இரவு படுக்கப் போகும்போது கம்பெனி ஆப்பில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியையும் கைபேசிகளின் வைஃபையையும் நிறுத்திவிட்டு ரூட்டரை மட்டும் விட்டுவிடுங்கள். சில ஆப்களில் எண் உடனே ஏறாது, அதனால் காலையில் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். எண் ஏறியிருந்தால், நீங்கள் நினைக்காத ஏதோ ஒன்று அந்த ரூட்டரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரூட்டரின் பக்கத்துக்குள் போனால் (பல ரூட்டர்களில் 192.168.1.1 என்று பிரவுசரில் அடித்தால் வரும், கடவுச்சொல் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் இருந்தால் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல் அடிக்காமலே இணைய விடும் வசதி) என்பதையும் நிறுத்துங்கள். கடைக்கு வந்தவருக்கு ஒரு நாள் கொடுத்த கடவுச்சொல் அவர் கைபேசியில் இருந்து தானாகப் போகாது.

இவ்வளவும் செய்த பிறகும் 5, 7 ஜிபி வித்தியாசம் இருந்தால் பயப்படாதீர்கள். கம்பெனி 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்று எண்ணினால், விண்டோஸ் அதைவிடப் பெரிய அளவை (1024ஐ மூன்று முறை பெருக்கிய எண்) ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. அங்கே 100 என்று இருப்பது இங்கே 93 என்று தெரியும். ஆனால் 62 ஜிபிக்கு அது காரணமே இல்லை. எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, சோதனையையும் செய்துவிட்டுத்தான் கம்பெனிக்குப் போன் எடுங்கள். கையில் எண் இருந்தால் அவர்களும் சரியாகப் பதில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே முறைப்பாடு செய்வதற்கும் அந்த எண்கள்தான் தேவை.

கல்முனை: 10 எம்பிபிஎஸ் பெக்கேஜ். டவுன்லோட் செய்யும்போது 1.2 என்றுதான் காட்டுகிறது.

சரியாகத்தான் வருகிறது. பெக்கேஜில் சொல்வது பிட், பிரவுசர் காட்டுவது பைட். எட்டு பிட் ஒரு பைட். 10ஐ எட்டால் வகுத்தால் 1.25.

வந்தாறுமூலை, கம்பஸ் மாணவர்: அண்ணா, அறையில் போன் ஹொட்ஸ்பொட்தான். லெப்டொப்பைத் திறந்தாலே 1 ஜிபி போய்விடுகிறது. நான் எதையும் திறப்பதில்லை.

நீங்கள் திறக்காவிட்டாலும் விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ் (கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசொஃப்டின் செயலி), செயலிகளின் அப்டேட் எல்லாம் வைஃபை கிடைத்ததும் ஓடத் தொடங்கும். ஹொட்ஸ்பொட் என்பது கணினிக்குப் பெரும்பாலும் தெரியாது தம்பி, அதற்கு அது சாதாரண வைஃபை. அந்த இணைப்பின் ப்ரொப்பர்ட்டீஸுக்குள் போய் மீட்டர்ட் கனெக்ஷன் (அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்பதை ஒன் பண்ணுங்கள். பெரிய அப்டேட்களில் பெரும்பகுதி நின்றுவிடும், ஒன்டிரைவும் ஓய்ந்திருக்கும். இது ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி. நண்பனின் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினால் அங்கேயும் ஒரு முறை செய்ய வேண்டும்.

விண்டோஸ் அப்டேட் பக்கத்தின் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கும். நீங்கள் இறக்கிய அப்டேட்டை மற்றக் கணினிகளுக்கு அனுப்பும் வேலை அது. இணையத்தில் உள்ள கணினிகளுக்கும் அனுப்பு என்று இருந்தால் உங்கள் காசில் யாருக்கோ போகிறது, நிறுத்துங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். அப்டேட்டை மாதக் கணக்கில் போடாமல் விடாதீர்கள். கம்பஸ் வைஃபை கிடைக்கும் நாளில் போட்டுவிடுங்கள். அப்டேட் இல்லாமல் ஓட்டி, ஆய்வுக் கட்டுரையை வைரஸுக்குப் பறிகொடுத்துவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

அக்கரைப்பற்று: எந்த சொஃப்ட்வெயார் நல்லது? இலவசமாகவும் இருக்க வேண்டும்.

முதலில் கணினியில் இருப்பதைப் பாருங்கள். இந்த நிமிடத்தில் எது இழுக்கிறது என்று தெரிய, டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் என்ற தலைப்பை அழுத்தினால் அதிகம் எடுப்பது மேலே வரும். அதைவிட விவரம் வேண்டுமென்றால் ரிசோர்ஸ் மொனிட்டர், அதில் எந்த முகவரியோடு பேசுகிறது என்பதும் தெரியும். பத்தில் எட்டுப் பேருக்கு இதுவே போதும் என்பது என் அனுபவம்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் கிளாஸ்வயர் (GlassWire) என்ற செயலி. வரைபடமாகக் காட்டும், ஒரு செயலி முதல் முறையாக இணையத்துக்குப் போகும்போது அறிவிக்கும். இலவசப் பதிப்பு இருக்கிறது. நெட்வொர்க்ஸ் (NetWorx) என்ற இன்னொரு செயலி கணக்குக்கு இன்னும் நல்லது. வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியில் இருந்து மற்றதுக்குக் கோப்பு அனுப்பினால் அதை எண்ணாமல் விடச் சொல்லலாம். முன்பு இலவசம், இப்போதைய பதிப்புகளுக்குக் காசு. எதுவானாலும் அதைச் செய்தவர்களின் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். வேகத்தை இரண்டு மடங்காக்கித் தருகிறேன் என்று வரும் எதையும் தொடாதீர்கள்.

களுவாஞ்சிகுடி: பழைய கம்பியூட்டரில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். அதில் எப்படிப் பார்ப்பது?

விஎன்ஸ்டாட் (vnStat) என்ற செயலியைப் போடுங்கள். டேட்டாப் பொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்காமல் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்திருக்கும் எண்ணிக்கையை மட்டும் படிப்பதால் பழைய கணினியும் சோராது. மணி, நாள், மாதம் என்று பிரித்துக் காட்டும். இரவு டேட்டா தனியாக உள்ள பெக்கேஜ்காரர்களுக்கு அந்த மணிக்கணக்கு மிகவும் உதவும். எந்தச் செயலி எடுக்கிறது என்று தெரிய நெட்ஹாக்ஸ் (NetHogs) போடுங்கள்.

திருக்கோவில், ஒரு அப்பா: ஸூம் வகுப்புக்குத்தான் டேட்டா போகிறது என்கிறான் மகன். படம் பார்ப்பதில்தான் போகிறது என்கிறேன் நான். யார் சரி?

இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி. ஸூமில் இருவர் மட்டும் தெளிவான வீடியோவோடு பேசினால் போக 600, வர 600 கேபிபிஎஸ் (நொடிக்கு ஆயிரம் பிட் என்ற அளவு) வேண்டும். மணிக்கு 540 எம்பி. பலர் கூடும் வகுப்பில் வீடியோ எல்லாம் திறந்திருந்தால் இதைவிடக் கூடும். பிள்ளை தன் கெமராவை மூடினாலே ஏறும் பக்கம் பெருமளவு குறையும். படம் என்றால், நெட்ஃபிளிக்ஸே சொல்லும் கணக்கு இது: குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7, உயர்ந்த தரத்தில் 3, 4கே என்றால் 7 வரை. ஒரு படத்தைத் தரம் குறைத்துப் பார்த்தால் மிச்சமாகும் டேட்டாவில் நான்கைந்து வகுப்புகள் நடக்கும். யூடியூபிலும் 480 என்ற தரம் போதும், கரும்பலகை எழுத்து தெரியாவிட்டால் மட்டும் கூட்டுங்கள். யார் சரி என்ற வாக்குவாதத்தை விட்டுவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து அந்த டேட்டா யூசேஜ் பக்கத்தைத் திறந்து பாருங்கள் ஐயா.

நிந்தவூர்: தம்பி கேம் இறக்கினால் வீட்டில் யாருக்கும் நெட் இல்லை.

கேம் இறக்குவது ஸ்டீம் செயலியில் என்றால் அதன் டவுன்லோட் செட்டிங்கில் வேகத்துக்கு எல்லை வைக்கலாம், அப்டேட் நடக்கும் நேரத்தையும் குறிக்கலாம். இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் அந்த நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரவு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனைக்கு முடிகிறது என்பதை உங்கள் பெக்கேஜில் பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

வாழைச்சேனை, ஒரு தங்கச்சி: அண்ணா, அவர் கட்டாரில். ஒவ்வொரு இரவும் கம்பியூட்டரில் வட்ஸ்அப் வீடியோவில் பிள்ளைகளோடு பேசுவார். டேட்டா முடிந்துவிடும் என்று பயந்து நான்தான் அவசரமாக வைத்துவிடுகிறேன். எவ்வளவு நேரம் பேசலாம்?

பயந்து வைக்க வேண்டாம் தங்கச்சி. இன்று இரவு பேசத் தொடங்கும் முன் டேட்டா யூசேஜ் பக்கத்தில் வட்ஸ்அப்புக்கு நேரே உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், பேசி முடித்துக் கொஞ்ச நேரத்தில் திரும்பப் பாருங்கள். கழித்தால் ஒரு நாளின் செலவு. அதை 30ஆல் பெருக்கி, பெக்கேஜில் அவ்வளவையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் மீதியில் நடக்கட்டும். வட்ஸ்அப் செட்டிங்கில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். குழுக்களில் வரும் வீடியோக்கள்தான் அதில் கூட.