18 வயது மகளுக்கு முதல் ஃபோர் வீல் டிரைவ்: 7 லட்சத்துக்குள் எதை வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மகளுக்கு ஜூனில் 18 வயது முடிகிறது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம். மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் மண் பாதை. கல்லூரி கோயம்புத்தூரில், வாராவாரம் வந்து போக வேண்டும். செகண்ட் ஹேண்டில் ஏழு லட்சத்துக்குள் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. மகள் கேட்பது மாருதி ஜிப்ஸி. அப்பா பார்த்து வைத்திருப்பது பழைய மஹிந்திரா தார்.

நானும் நீலகிரிக்காரன்தான். என் மகளும் மருமகனும் இதே மாதிரிப் பாதையில்தான் ஓட்டிப் பழகினார்கள். என் பதில்: இரண்டுமே வேண்டாம். நன்றாக வைத்திருக்கும் ரெனால்ட் டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. (நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் மாடல்) தேடுங்கள். ஒரு வருடம் பொறுத்து இன்னும் மூன்று நான்கு லட்சம் சேர்த்துப் போட முடியும் என்றால் மாருதி ஜிம்னி.

காரணம், வண்டியை அந்த நாலு கிலோமீட்டருக்காக மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. மண் பாதையில் உங்கள் மகள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகப்போவதில்லை. அங்கே சக்கரம் புதைந்தால் துணியெல்லாம் சேறாகும், ஒரு மணி நேரம் வீணாகும், பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துவிடும். உயிருக்கு ஆபத்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையிலும், அதற்குக் கீழே எல்லோரும் எண்பதில் போகும் நேர் ரோட்டிலும் இருக்கிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் எதிரே ஏதாவது வந்தால் செய்யும் முதல் காரியம் ஸ்டீயரிங்கை வெட்டுவது. உயரமான, நீளம் குறைந்த, கட்டு ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை) வைத்த ஜீப் அந்த வெட்டைத் தாங்காது. சாயும்.

ஜிப்ஸி மீது உங்கள் மகளுக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. 1985-ல் வந்த வண்டி, 1996-ல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ஜிப்ஸி கிங் ஆனது. ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கி இமயமலையில் ஓட்டியது. எடை ஏறக்குறைய ஒரு டன்தான் என்பதால் பெரிய வண்டிகள் புதைகிற சேற்றில் இது தத்தித் தாவி ஏறிவிடும். இன்றைக்கும் மலையேற அதற்கு ஈடான எளிய வண்டி குறைவு. ஆனால் ஏர்பேக் இல்லை, அழுத்திப் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லை, நாலு பக்கமும் கட்டு. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் நாலு தோழிகள் ஏறி உட்காருவார்கள், அவர்களுக்கு ஒழுங்கான சீட் பெல்ட் கூட இருக்காது. பத்து வருடம் ஓட்டிய கை வாங்கட்டும். பதினெட்டு வயதுக்கு வேண்டாம்.

அதோடு, விற்பனைக்கு வரும் ஜிப்ஸிகளில் பாதி வெளியே பளபளப்பு, உள்ளே துரு. சென்ற வருடம் நண்பருக்காக ஒன்றைப் பார்க்கப் போனேன். புது பெயின்ட், புது டாப், அகல டயர். படுத்துப் பார்த்தால் சேஸிஸ் முழுக்கக் அண்டர்கோட்டிங் என்கிற கறுப்புத் துருத்தடுப்புப் பூச்சு அப்பியிருந்தது. பின் கட்டைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு மேலே ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், முனை உள்ளே போய்விட்டது. துருப்பிடித்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்து, மேலே பட்டி பூசியிருந்தார்கள். பழைய ஜீப் எதைப் பார்த்தாலும் முதலில் கட்டு மாட்டும் இடங்களையும் சேஸிஸின் உட்பக்கத்தையும் தட்டிப் பாருங்கள். இன்ஜினைச் சரி செய்யலாம். இற்றுப்போன சேஸிஸுக்கு வைத்தியம் கிடையாது.

அடுத்து மஹிந்திரா தார். பெயர் ஒன்று, வண்டி இரண்டு. 2010 முதல் 2020 வரை வந்தது பழையது. அதன் 2.5 லிட்டர் சி.ஆர்.டி.இ. டீசல் இன்ஜின் அருமையானது, செங்குத்தில் மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஏற உதவும் லோ கியர் உண்டு, ஏறாத மேடு இல்லை. ஆனால் ஏர்பேக் கிடையாது, கடைசி காலத்து வண்டிகளைத் தவிர ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. 2020 அக்டோபரில் வந்த புதியது முற்றிலும் வேறு வண்டி. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு ஸ்டார் வாங்கியது. அது உங்கள் ஏழு லட்சத்துக்கு வராது. வருகிறது என்று யாராவது சொன்னால் ஆர்.சி.யை நிதானமாகப் படியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கரம் மட்டும் ஓடும் மாடலும் விற்கிறார்கள், வெளித்தோற்றம் அச்சு அசல் ஒன்றுதான். உள்ளே கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஃபோர் வீல் டிரைவ் இல்லை.

இப்போது டஸ்டர். 2014-ல் வந்த ஏ.டபிள்யூ.டி. மாடல், 1.5 லிட்டர் டீசல், ஆறு கியர். இதில் லோ கியர் பெட்டி தனியாகக் கிடையாது. அதற்குப் பதிலாக முதல் கியரையே வேகம் குறைவாக, இழுவை அதிகமாக இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். தோட்டத்து ஏற்றத்தில் கிளட்சைக் கருக்காமல் ஊர்ந்து போகும். சமதளத்தில் இரண்டாவது கியரிலேயே எடுக்கலாம். பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், அதனால் குண்டும் குழியுமான பாதையில் உடம்பு நோகாது, மெயின் ரோட்டில் கார் மாதிரியே ரோட்டைப் பிடித்துப் போகும். டயல் ஒன்றுதான்: 2 வீல், ஆட்டோ (தேவைப்பட்டால் பின் சக்கரமும் சேரும்), லாக் (முன்னும் பின்னும் சேர்ந்தே ஓடும்). மழைக்காலத்தில் ஆட்டோவில் விட்டுவிட்டால் போதும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சுற்று இரண்டாயிரம் ஆர்.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் டர்போ தூங்கும், இழுவை இருக்காது. கொண்டை ஊசி வளைவில் கியர் குறைக்காமல் திரும்பினால் வண்டி திணறும், பின்னால் பஸ் வந்து ஹாரன் அடிக்கும், பிள்ளை பதறும். முதல் மாதம் இதையே திரும்பத் திரும்பப் பழக்குங்கள். ஆழமான சேற்றில் சக்கரத்தை வெகுநேரம் சுழலவிட்டால் பின் சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் கப்ளிங் சூடாகி, ஆறும் வரை வேலை நிறுத்தம் செய்யும். உங்கள் பாதைக்கு இது போதும். ஆற்றைக் கடக்க வேண்டும், பாறை ஏற வேண்டும் என்றால் போதாது.

டஸ்டரில் எந்த வேரியன்ட் என்பது முக்கியம். 2017-ல் குளோபல் என்கேப் இந்திய டஸ்டரை மோதவிட்டபோது ஏர்பேக் இல்லாத மாடலுக்குப் பூஜ்யம், டிரைவர் ஏர்பேக் இருந்ததற்கு மூன்று ஸ்டார். இரண்டு ஏர்பேக் இருக்கும் வண்டி கிடைக்கும் வரை காத்திருங்கள். பார்க்கப் போகும்போது நாலு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். முன்னால் புதுசு, பின்னால் தேய்ந்தது என்று ஓட்டியிருந்தால் கப்ளிங் அடி வாங்கியிருக்கும். ஜல்லி கொட்டிய ஏற்றத்தில் நிறுத்தி, லாக்கில் போட்டு, உங்களில் ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். எடுக்கும்போது பின் சக்கரமும் கல்லைத் தள்ள வேண்டும்.

ஜிம்னி பற்றி ஏன் சொன்னேன் என்றால், 2023 ஜூனில் வந்ததிலிருந்து இந்தியாவில் விற்ற எல்லா ஜிம்னியிலும் ஆறு ஏர்பேக், ஈ.எஸ்.பி., லோ கியரோடு ஃபோர் வீல் டிரைவ். விலை குறைந்த வேரியன்ட்டிலும் உண்டு. எடை 1,200 கிலோ சுமார். ஜிப்ஸியின் குணமும் இருக்கிறது, ஸ்டீயரிங்கை வெட்டினால் ஒவ்வொரு சக்கரமாகத் தானே பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் ஈ.எஸ்.பி. வசதியும் இருக்கிறது. என் மகளாக இருந்தால், வீட்டிலிருக்கும் சின்ன காரில் ஒரு வருடம் மெயின் ரோட்டில் ஓட்டச் சொல்லிவிட்டு இதைத்தான் வாங்கித் தருவேன்.

எதை வாங்கினாலும் லிஃப்ட் கிட், அகல டயர், முன் பம்பருக்கு இரும்புக் கம்பி எதுவும் வேண்டாம். கம்பிக்கு 2017-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது, உயரம் கூட்டினால் சாயும் ஆபத்து கூடும். அந்தக் காசில் நல்ல ஆல்-டெரெயின் டயர் நாலு, ஒரு காற்றடிக்கும் பம்ப், ஒரு இழுவைப் பட்டை வாங்கலாம்.

ஜூன் வரை சாவியைக் கொடுக்காதீர்கள், தோட்டத்துப் பாதைதானே என்றாலும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 நிரம்பாத பிள்ளை ஓட்டி ஏதாவது நடந்தால் பெற்றோருக்கோ வண்டி ஓனருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, ஆர்.சி. ஒரு வருடத்துக்கு ரத்து; பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்தால் முப்பது நாள் கழித்துதான் டெஸ்ட். அந்த முப்பது நாளில் டிரைவிங் ஸ்கூல் சொல்லித் தராத ஒன்றை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்: இறக்கத்தில் இரண்டாவது கியர், செங்குத்தாக இருந்தால் முதல் கியர், காலை கிளட்சிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கவிடுவது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் பிரேக்கையே நம்பி இறங்கி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன வெளியூர் வண்டிகளை நம்மூரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வண்டி பார்க்கப் போகும் நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சீட்டை அவள் உயரத்துக்கு நகர்த்தி உட்கார்ந்து, கிளட்சை முழுக்க மிதிக்க முடிகிறதா, பானெட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு தெரிகிறதா என்று அவளே பார்க்கட்டும். டஸ்டர் கிளட்ச் கொஞ்சம் கனம், சிலருக்கு ஒத்துவராது.