வெடித்த குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: சில மாதங்களுக்கு முன் என் மாமியார் வாங்கிய பிரஷர் குக்கர், பருப்பு வெந்துகொண்டிருந்தபோது வெடித்து, என் முகத்திலும் கையிலும் காயம் ஏற்பட்டது. பழையதைக் கொடுத்தால் புதியது தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். தயாரித்த நிறுவனமோ டெல்லியில் இருக்கிறது. பில்லும் என் பெயரில் இல்லை. நான் இழப்பீடு கேட்க முடியுமா?
- வாசகி, தாராபுரம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால், அந்தக் குக்கரை இப்போது யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். மூடி, வெயிட், கேஸ்கட், சேஃப்டி வால்வு ஆகிய அனைத்தையும் கழுவாமல், படமெடுத்துப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரர் நல்லெண்ணத்துடனேயே சொல்லியிருக்கலாம். ஆயினும் பொருள் கைமாறிவிட்டால், புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிக் குறையைக் கண்டறியும் வாய்ப்பு உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோராகவே கருதுவதால், பில் மாமியார் பெயரில் இருப்பது தடையாகாது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், முறையான பயன்பாட்டுக் குறிப்பும் எச்சரிக்கையும் தரப்படாமல் இருந்தாலும், 84ஆம் பிரிவின்படி உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும். விற்றவர் என்பதற்காக மட்டும் கடைக்காரர் பொறுப்பாகிவிடமாட்டார். அவர் பொருளில் மாற்றம் செய்திருந்தாலோ, தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலோ நிலைமை வேறு. குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள். 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு பிரஷர் குக்கர்களுக்கு அது கட்டாயம். இல்லையெனில் உங்கள் தரப்பு வலுப்பெறும்.

நீங்கள் தவறாகப் பயன்படுத்தினீர்கள் அல்லது வேறு கம்பெனி கேஸ்கட் போட்டீர்கள் என்பதே நிறுவனத்தின் முதல் பதிலாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். அப்படி எதையாவது மாற்றியிருந்தால் புகாரிலேயே சொல்லிவிடுவது நல்லது. மறைத்து, பிறகு ஆய்வறிக்கையில் வெளிப்பட்டால், உண்மையான குறையும் எடுபடாமல் போகும்.

டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, பொதுவாக 2 ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலும் புகார் அளிக்கலாம். கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. சிகிச்சை ரசீதுகளையும், காயம் எவ்வாறு ஏற்பட்டது என்று மருத்துவர் எழுதிய குறிப்பையும் இணையுங்கள். காயத்தோடு சேர்ந்த மன உளைச்சலுக்கும் இழப்பீடு கோரலாம். மாமியாரையும் புகார்தாரராகச் சேர்த்துக்கொண்டால், குக்கரின் விலையையும் அதே மனுவில் திருப்பிக் கேட்க வசதியாக இருக்கும்.