கர்த்தர் செய்ததை மறவாதிருத்தல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன், ஆனால் அது வாய்ப்பாடாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, "எல்லா நன்மைக்கும் ஸ்தோத்திரம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அப்படித்தான் ஆகும். இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்தபோது கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர், ஆசாரியர்களின் கால்கள் நின்ற அதே இடத்திலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்துவந்தார்கள். அவர்கள் தலைவன் யோசுவா அவற்றைக் கில்காலில் நாட்டி, பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்கும்போது நடந்ததை விவரிக்கச் சொன்னான். உபாகமம் 26-இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவனும் முற்பிதா எகிப்துக்குப் போனது, அங்கே பட்ட ஒடுக்குதல், விடுதலை, கைக்கு வந்த நிலம் என வரிசையாக அறிக்கையிட்ட பிறகே பணிந்துகொள்கிறான். ஆகவே குடும்ப ஜெபத்தில் நாளுக்கு ஒரே ஒரு காரியத்தை எடுத்து, எந்த வருஷம், என்ன நெருக்கம், யார் மூலமாக உதவி வந்தது என்று பிள்ளைகள் கேட்கச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டணத்துக்காக அத்தை தன் வளையலை அடகு வைத்திருந்தால், அத்தையும் அந்த வளையலும் ஜெபத்தில் வரட்டும்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 ("நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு...") வந்தது. இந்த வருஷமே வீடு கட்டி முடிப்போம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இது பாபிலோனுக்குச் சிறைபட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம்; முந்தின வசனத்தில், அவர்கள் ஊர் திரும்புமுன் 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட முதியவர்கள் ஊர் திரும்பும் நாளைக் காணவில்லை. ஆனாலும் வாக்கு தவறவில்லை. அதிகாரத்தை வாசிக்காமல் அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: என் கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சபையில் எல்லாரும் கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொன்னபோது என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. நான் நன்றி மறந்தவளா?

பதில்: இல்லை, அம்மா. கர்த்தருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்ற வசனம், எருசலேம் அழிந்து, குழந்தைகள் பசியால் வீதிகளில் சோர்ந்து விழுவதைக் கண்ட புலம்பல் புத்தகத்தின் நடுவில் இருக்கிறது. அதைச் சொன்ன பிறகும் அந்தப் புத்தகம் அழுகையை நிறுத்தவில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் ஆராதனையில் பாடுவதற்காகவே தரப்பட்டது. சாட்சி சொல்லும் நேரத்தில் நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம்.

கேள்வி: ஸ்தோத்திரக் காணிக்கை எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பதில்: உங்கள் ஆயரிடம் கேளுங்கள்.

கேள்வி: கணவரை இழந்த அந்த அம்மாவுக்குச் சொன்னதை ஏற்க முடியவில்லை, ஐயா. சாட்சியில் துக்கம் வந்தால் மற்றவர்களின் விசுவாசம் தளராதா?

பதில்: தளராது, தம்பி. சாமுவேல் கல்லை நாட்டி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி எபெனேசர் எனப் பெயரிட்டதை நம் வீட்டு வாசல்களில் எழுதிவைக்கிறோம். அது 1 சாமுவேல் 7-ஆம் அதிகாரம். அதே பெயர் 4-ஆம் அதிகாரத்திலேயே வருகிறது: இஸ்ரவேலர் எபெனேசரில் பாளயமிறங்கித் தோற்றார்கள், 30,000 காலாட்கள் விழுந்தார்கள், உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோனது. அந்தத் தோல்வியை மூடி மறைத்துவிட்டு உதவியை மட்டும் எப்படிச் சொல்வது? வெற்றியை மட்டுமே கேட்க விரும்பும் சபையில், தோற்றவர்கள் பின்வரிசைக்குப் போய், பிறகு வராமலே நின்றுவிடுகிறார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் சொல்கிறாரே?

பதில்: அதே பவுல்தான், ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதைச் சபை அறியாதிருக்கத் தமக்கு மனதில்லை என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். தேவன் விடுவித்ததை அடுத்த வரிகளில் சொல்கிறார். ஆனால் முதல் வரியை விட்டுவிடவில்லை.

கேள்வி: எனக்கு வந்த அட்டையில் "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று இருக்கிறது. பதவி உயர்வு நிச்சயம்தானே?

பதில்: அட்டையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், மீறினால் சாபம் என்று சொல்லும் உபாகமம் 28-ஐ 68-ஆம் வசனம் வரை வாசித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.