நான்கு டப்பாவில் ஓர் உவமை

கேள்வி: 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். மாலை ஜெபத்தில் பைபிள் வாசித்தால் நெளிகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வாசிப்பைச் சுருக்கி, கைக்கு வேலை கொடுங்கள். விதைப்பவர் உவமையில் தொடங்கலாம். ஒருவர் தூவும் விதை வழியோரம், பாறை நிலம், முட்செடிகளின் நடுவே, நல்ல நிலம் என நான்கு இடங்களில் விழும் கதை அது; வழியோர விதையைப் பறவைகள் தின்றுவிடும். முதல் நாள் மத்தேயு 13:3-9 மட்டும் போதும். நிலம் என்பது இறைவார்த்தையைக் கேட்பவரின் மனம் என்று இயேசு தரும் விளக்கம் 18-23இல் வருகிறது. அதை இப்போதே வாசித்தால் பிள்ளைகள் யோசிக்க மாட்டார்கள்.

ஐஸ்கிரீம் டப்பா நான்கு எடுத்து அடியில் ஓட்டை போடுங்கள். ஒன்றில் களிமண்ணைத் தட்டிக் காயவையுங்கள், அது வழியோரம். இரண்டாவதில் ஜல்லி, மேலே அரை அங்குலம் மண். மூன்றாவதில் நான்கு நாள் முன்பே ஒரு கைப்பிடி கேழ்வரகை நெருக்கமாகத் தூவுங்கள். முள்ளுக்குப் பதில் அது. நான்காவதில் எரு கலந்த மண், 3 அங்குலம். இரவு ஊறிய வெந்தயத்தை ஒவ்வொன்றிலும் 20 தூவுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பில் முளைக்காது. வழியோர டப்பாவை மொட்டை மாடியில் வைத்தால் மிச்சத்தைக் காக்கை, அணில் பார்த்துக்கொள்ளும்.

பலர் சறுக்குவது தண்ணீரில். தினமும் ஊற்றினால் ஜல்லி டப்பாவும் பச்சையாகவே நிற்கும். முளைத்ததும் எல்லாவற்றையும் வெயிலில் வைத்து, இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். ஆழமில்லாதது முதலில் வாடும். “விதை ஒன்றுதானே, ஏன் இப்படி?” என்று அப்போது கேட்டு, பிறகு விளக்கத்தை வாசியுங்கள்.

“நீ எந்த நிலம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைக்கு அது திட்டாகத்தான் கேட்கும்.