படிக்கப் போன இடத்தில் பயணம் போவது தவறா?

கேள்வி: ஜெர்மனியின் லைப்சிக் நகரில் முதுகலைப் படிப்பின் இரண்டாம் பருவத்தில் இருக்கிறேன். வகுப்பு, பகுதிநேர வேலை, விடுதி அறை என்றே நாட்கள் கழிகின்றன. உடன் படிப்பவர்கள் வார இறுதியானால் பிராக், பாரிஸ் என்று புறப்படுகிறார்கள்; என்னையும் அழைக்கிறார்கள். வீட்டில் கல்விக் கடன் வாங்கி அனுப்பியிருப்பதால் போக மனம் வருவதில்லை. ஒருமுறை அம்மாவிடம் சொன்னபோது, "படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?" என்று கேட்டுவிட்டார். போகாமல் அறையிலேயே இருந்தாலும் படிப்பு ஓடுவதில்லை. நான் பயணம் போவது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தவறில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் பயணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது, அறையிலேயே இருந்தாலும் படிப்பு ஓடுவதில்லை என்று நீங்கள் எழுதியிருந்த வரிதான். போகாமல் மிச்சப்படுத்திய நேரம் படிப்புக்குச் சேரவில்லை என்றால், அது குற்ற உணர்ச்சிக்கும் தனிமைக்கும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. லைப்சிக்கில் இரண்டாவது பருவம் நடந்துகொண்டிருக்கும்போதும், அந்த நகரத்தைப் பற்றி ஒரு சொல்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. அதனால் பிராக், பாரிஸ் பற்றி யோசிப்பதற்கு முன், நீங்கள் வசிக்கும் ஊரோடு பழகத் தொடங்குங்கள் என்பதே என் முதல் யோசனை.

அதற்கு லைப்சிக்கைப் போல வாய்ப்பான ஊர் எளிதில் அமையாது. 1723 முதல் 1750இல் இறக்கும் வரை இசையமைப்பாளர் பாக் இசைப் பொறுப்பாளராகப் பணியாற்றிய புனித தாமஸ் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அங்கே பள்ளிச் சிறுவர்களின் பாடகர் குழு பாடுவதை மிகச் சிறிய நுழைவுத் தொகையில் கேட்கலாம். அங்கிருந்து நடக்கும் தொலைவில் உள்ள புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் திங்கட்கிழமைதோறும் நடந்த அமைதிப் பிரார்த்தனைகளிலிருந்துதான், 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் அன்றைய கிழக்கு ஜெர்மனி அரசுக்கு எதிராக வீதிக்கு வந்த ஊர்வலம் கிளம்பியது. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. நகரின் தெற்கே உள்ள கொஸ்புடன் ஏரி, பழுப்பு நிலக்கரி வெட்டியெடுத்த சுரங்கப் பள்ளத்தில் நீர் நிரப்பி உருவாக்கப்பட்டது. சைக்கிள் இருந்தால் ஒரு மாலைப் பொழுது போதும். இவற்றில் ஒன்றுக்கு, உடன் படிக்கும் ஒருவரையாவது நீங்களாகவே அழைத்துச் செல்லுங்கள். அழைப்புக்காகக் காத்திருப்பவராகவும் அதை மறுப்பவராகவும் மட்டுமே இதுவரை இருந்திருக்கிறீர்கள்; அழைப்பவராக ஒருமுறை மாறிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், தெருக்கள் அடங்கிவிடும், சத்தமாக வேலை செய்வதைக்கூட அண்டை வீட்டார் விரும்ப மாட்டார்கள். கூட்டத்திலும் சத்தத்திலும் வளர்ந்தவர்களுக்கு அந்த அமைதி ஓய்வாகத் தெரியாமல் தண்டனையாகவே தெரியும். வெளிநாட்டில் படிப்பவர்கள் மனம் உடைவது பெரிய தோல்விகளால் அல்ல, இப்படிப்பட்ட வெறுமையான பிற்பகல்களால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சனிக்கிழமையே காய்கறி வாங்கிவைத்து, ஞாயிறு மதியம் இரண்டு பேரோடு சேர்ந்து சமைக்கும் வழக்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வார நாட்களிலும் மதிய உணவை அறைக்கு எடுத்து வராமல், பல்கலைக்கழக உணவகமான மென்சாவிலேயே யாருடனாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், மாணவர் சேவை அமைப்பு நடத்தும் மனநல ஆலோசனைக்குத் தயங்காமல் செல்லுங்கள். மாணவர்களுக்காகவே அது நடத்தப்படுகிறது.

இனிப் பணம். விசாவுக்காக உங்கள் வீட்டார், மாதம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுக்க முடியாத பிளாக்டு அக்கவுண்டில் போட்ட 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோ உங்களுக்கு வருகிறது. ஒரு மாணவர் சாதாரணமாக வாழ அந்நாட்டு அரசு வைத்திருக்கும் அளவு அது. அதை வாடகைக்கும் காப்பீட்டுக்கும் உணவுக்கும் மட்டும் ஒதுக்குங்கள். பகுதிநேர வேலையில் நீங்களே ஈட்டுவதில் ஒரு சிறு பங்கைப் பயணத்துக்கென்று தனியாக எடுத்துவையுங்கள். அந்தப் பங்கு தீர்ந்த மாதத்தில் பயணம் இல்லை. தீராத மாதத்தில் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். பயணத்துக்காகக் கூடுதல் வேலை நேரம் எடுக்கும் எண்ணம் வந்தால், ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் என்ற வரம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரம்பை மீறினால் உங்கள் குடியிருப்பு அனுமதிக்கே ஆபத்து வரலாம்.

செலவைக் குறைக்க, 2023 மே மாதம் அறிமுகமான டாய்ச்லாந்து டிக்கெட் என்ற மாதாந்திரப் பயணச்சீட்டு உதவும். பல பல்கலைக்கழகங்கள் அதை 60 விழுக்காடு விலையில் பருவக் கட்டணத்தோடு சேர்த்தே மாணவர்களுக்குத் தருகின்றன. உங்களுடையது தருகிறதா என்று பாருங்கள். அதிவேக ரயில்களில் அது செல்லாது, வட்டார ரயில்களில் நாடு முழுவதும் செல்லும். எல்லா நிலையங்களிலும் நின்று போகும் ரயிலில் ஒரு நாட்டைப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. டிரெஸ்டனுக்குப் போய் அங்கிருந்து ராட்டன் என்ற சிற்றூரில் இறங்கி, எல்பே ஆற்றைப் படகில் கடந்து ஏறினால், மணற்பாறைகளுக்கு நடுவே 1851இல் கட்டிய பாஸ்டை கல்பாலம் வரும். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

பிராக், பாரிஸ் பயணங்களைத் தேர்வுகள் முடிந்தபின் வகுப்பில்லாத வாரங்களில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பு அனுமதி அட்டையோடு, பொது விசா முறை கொண்ட ஐரோப்பிய நாடுகளான பிற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேரா. பாஸ்போர்ட், அட்டை இரண்டையும் கையிலேயே வைத்திருங்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் சோதனையைத் தொடங்கியது. விசா முடிந்து அட்டை வராத இடைக்காலமாக இருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லை தாண்ட வேண்டாம்.

அம்மாவுக்கு வருகிறேன். அவர் கேட்ட கேள்வியில் கோபத்தைவிடப் பயமே அதிகம் என்று எனக்குப் படுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரில், கடன் வாங்கிய பணத்தோடு மகள் இருக்கிறாள். அங்கே நடப்பது எதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே மறைத்துப் போகாதீர்கள். எங்கே, யாரோடு, எவ்வளவு செலவு, எப்போது திரும்புவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் பயணமாக ஹாலே நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். லைப்சிக்கிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு அந்த ஊரில் படித்தவர். தரங்கம்பாடியில் அவர் தொடங்கிய அச்சகத்துக்கான முதல் தமிழ் எழுத்துகள் ஹாலேயில் செய்து கப்பலில் அனுப்பப்பட்டவை. 1716இல் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் அச்சானதும் அங்கேதான். ஹாலேயில் உள்ள ஃப்ராங்கே என்ற பழைய கல்வி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முடியாவிட்டால் அங்குள்ள பழைய காட்சிக்கூடத்தையாவது பாருங்கள். அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் பேசி, அந்தக் கட்டடங்களையும் முற்றத்தையும் காட்டி, தமிழ் எழுத்துகள் இங்கிருந்து தரங்கம்பாடிக்குக் கப்பலேறிய கதையைச் சொல்லுங்கள். அடுத்த பயணத்தைப் பற்றி அன்று மாலையே அவரிடம் பேசலாம்.