பைண்டிங் பட்டி எத்தனை இஞ்ச் அகலம் வெட்டலாம்?

ஒட்டுப்போர்வைக்கு ஓரம் அடிக்க ஒரு டெய்லர் 2 இஞ்ச் என்கிறார், இன்னொருவர் 3 இஞ்ச் என்கிறார். யார் சொல்வது சரி? (செல்லூர்)

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காமல் சொன்னால் இரண்டுமே தப்பு. ஓரம் எத்தனை நூல் அகலம் தெரியவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 8 நூல் 1 இஞ்ச். நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைக்கும் இரட்டை மடிப்புப் பட்டியில் முன்பக்கம் இரண்டு மடி, பின்பக்கம் இரண்டு மடி, தையலுக்குள் போவது இரண்டு மடி. ஆக 6ஆல் பெருக்கி, கனத்துக்கு 2 முதல் 4 நூல் கூட்டுங்கள். 3 நூல் ஓரத்துக்கு 18, கனத்துக்கு 2, மொத்தம் 20 நூல்: இரண்டரை இஞ்ச். பஞ்சு ஷீட் வைத்ததற்கு இதுதான் என் வழக்கம். நடுவில் பழைய பருத்திச் சேலை மட்டும் என்றால் 2 நூல் ஓரமும் 2 இஞ்ச் பட்டியும் போதும். ஓரத்தை விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே வெறுமையாக இருந்தால் அங்கேதான் முதலில் கிழியும். அகல ஓரம் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று போட்டு, இப்படிக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

எத்தனை மீட்டர் வாங்கலாம்? போர்வை 60க்கு 90 இஞ்ச். (மேலூர்)

சுற்றளவு 300, மூலைக்கும் இணைப்புக்கும் 12. 44 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் கரையும் சாய்வு இணைப்பும் போக ஒரு பட்டிக்கு 40 இஞ்ச்தான் தேறும். 8 பட்டி, தலா இரண்டரை: 20 இஞ்ச். அரை மீட்டர் 19.7 இஞ்ச்தான், மயிரிழையில் பத்தாது. முக்கால் மீட்டராகவே வாங்குங்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைக்காரர் அரையே போதும் என்பார், கேட்காதீர்கள்.

மேல்துணியில் ஒட்டிய ஓரத்து முக்கோணங்களின் முனை பைண்டிங்குக்குள் போய்விடுகிறது. (திருமங்கலம்)

முக்கோணத்துக்கு 2 நூல் தையல் விட்டுவிட்டு, பைண்டிங்கை 3 நூலில் அடித்தால் முனை வெட்டுப்படத்தான் செய்யும். அகல ஓரம்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பஞ்சையும் அடித்துணியையும் மேல்துணியை விட 1 நூல் வெளியே நிற்கும்படி வெட்டுங்கள். பட்டியை மேல்துணி ஓரத்தோடு சேர்த்து வைத்து 2 நூலிலேயே அடியுங்கள். மடித்தால் ஓரம் 3 நூல் வரும், முனையும் தப்பும்.

வளைவான ஓரத்துக்கு? (வாடிப்பட்டி)

கிராஸ் பீஸ்தான், அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி. நேர்த்துணி வளைவில் சுருங்கி நிற்கும். அதையும் ஒடுக்கமாக, 2 நூலுக்கு மேல் வேண்டாம்.

பழைய சுங்குடிச் சேலையில் பைண்டிங் வெட்டலாமா? (திருப்பரங்குன்றம்)

தாராளமாக. ஜரிகைக் கரையை மட்டும் விட்டுவிடுங்கள், மூலையில் முண்டு விழும். வெட்டுவதற்கு முன் ஈரச்சேலையில் வெள்ளைத் துணியை அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் இன்னும் இரண்டு அலசு. சிவப்புப் பட்டி வெள்ளைப் போர்வையில் இறங்கிவிட்டால் அதை எடுப்பது கடினம்.